ஆல்பர்ட் நமட்ஜிரா

ஆல்பர்ட் நமட்ஜிரா (ஜூலை 28, 1902 - ஆகஸ்ட் 8, 1959) ஆஸ்திரேலியப் பழங்குடியைச் சேர்ந்த புகழ் பெற்ற ஓவியர் ஆவார். மத்திய ஆஸ்திரேலியாவின் நிலக்காட்சிகளை நீர்வண்ணத்தில் வரைந்தவர். இவரது ஓவியங்கள் ஆஸ்திரேலியாவின் அடையாளங்களுள் ஒன்றாகக் கொண்டாடப்பட்டன. ஆயினும், தம் வாழ்நாளின் பெரும்பகுதியில் இவர் முழுமையான குடியுரிமை இன்றியே வாழ்ந்தார்.

இளமைக் காலம்

வட ஆட்புலத்தில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு மேற்கே அமைந்துள்ள ஹெர்மன்ஸ்பர்க் லூத்தரன் மிஷனில், மேற்கு அரெர்ண்டே இனத்தில் பிறந்தார். இயற்பெயர் எலேயா. 1905 இல் பெற்றோர் கிறித்தவத்தைத் தழுவியபோது இவருக்கு ஆல்பர்ட் எனப் பெயரிடப்பட்டது. மிஷன் பள்ளியில் கல்வி கற்ற இவர், 13 ஆவது வயதில் தம் இனத்தின் பருவச் சடங்கை மேற்கொண்டு, மூத்தோரிடம் மரபுச் சட்டங்களைக் கற்றார். 18 ஆவது வயதில் இல்கலிட்டா என்ற பெண்ணை மணந்தார். இத்திருமணம் இனத்தின் உறவுமுறை விதிகளுக்கு மாறானது என்பதால், சில ஆண்டுகள் ஊரை விட்டு விலகி வாழ நேர்ந்தது. இல்கலிட்டா பின்னர் ரூபினா என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார்.

ஓவியப் பணி

ஒட்டகம் ஓட்டுதல் முதலிய தொழில்களைச் செய்துவந்த நமட்ஜிரா, முல்கா மரப்பலகைகளில் சூட்டுக்கோலால் உருவங்கள் தீட்டி விற்றார். 1934 இல் ரெக்ஸ் பாட்டர்பீ, ஜான் கார்ட்னர் ஆகிய ஓவியர்கள் மிஷனில் நடத்திய கண்காட்சி இவரை ஈர்த்தது. 1936 இல் பாட்டர்பீ மீண்டும் வந்தபோது, அவருக்கு ஒட்டகங்களுடன் வழிகாட்டியாகச் சென்று, அதற்கு ஈடாக நீர்வண்ண ஓவியம் கற்றார். 1938 இல் மெல்பேர்ண் நகரில் நடைபெற்ற இவரது முதல் தனிக் கண்காட்சியில் வைக்கப்பட்ட 41 ஓவியங்களும் விற்றுத் தீர்ந்தன. மறு ஆண்டில் தெற்கு ஆஸ்திரேலிய ஓவியக் காட்சியகம் இவரது ஓவியம் ஒன்றை வாங்கியது.

மக்டானல் மலைத்தொடரும் வெண்ணிறத் தண்டுடைய யூக்கலிப்டஸ் மரங்களும் இவரது ஓவியங்களில் மிகுதியாக இடம்பெறுகின்றன. ஐரோப்பிய முறையைப் பின்பற்றியவை என்று கூறி இவற்றைச் சில திறனாய்வாளர்கள் குறைவாக மதிப்பிட்டனர். இவர் வரைந்த இடங்கள் அரெர்ண்டே மரபில் மூதாதையர் கதைகளோடு பிணைந்த நிலங்கள் என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர்.

உரிமை மறுப்பும் சிறையும்

புகழும் வருமானமும் பெற்று, வருமான வரியும் செலுத்திய நமட்ஜிராவுக்குக் கால்நடை மேய்ச்சல் நிலம் குத்தகைக்குக் கிடைக்கவில்லை. 1951 இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் வீடு கட்டிக்கொள்ளவும் அனுமதி மறுக்கப்பட்டது. 1954 இல் கான்பெராவில் அரசி இரண்டாம் எலிசபெத்தைச் சந்தித்தார். 1956 இல் வில்லியம் டார்கி வரைந்த இவரது உருவப்படம் ஆர்ச்சிபால்ட் பரிசைப் பெற்றது.

1957 இல் நமட்ஜிராவுக்கும் ரூபினாவுக்கும் குடியுரிமை வழங்கப்பட்டது. அவ்வுரிமை இவர்களுடைய பிள்ளைகளுக்கு நீட்டிக்கப்படவில்லை. குடியுரிமை பெற்றவர் என்ற முறையில் நமட்ஜிரா மது வாங்கலாம். ஆனால், அரசின் பாதுகாவலில் இருந்த பிற பழங்குடியினருக்கு அதனைக் கொடுப்பது குற்றம். இருப்பதை உறவினரோடு பகிர்ந்துகொள்வது அரெர்ண்டே மரபின்படி கடமையாகும். உறவினர் ஒருவருக்கு மது கொடுத்ததாக 1958 இல் இவருக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பொதுமக்களின் எதிர்ப்புக்கிடையே மேல்முறையீட்டில் தண்டனை மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. 1959 இல் பப்புன்யாவில் இரண்டு மாதங்கள் காவலில் இருந்து விடுதலையானார். அதன் பின் ஓவியத்தில் ஆர்வம் இழந்த இவர், அதே ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் இதய நோயால் காலமானார்.

மரபு

இவரைப் பின்பற்றிய உறவினர்களின் ஓவியமுறை ஹெர்மன்ஸ்பர்க் ஓவியமரபு எனப்படுகிறது. 1968 இல் ஆஸ்திரேலிய அஞ்சல்துறை இவரது உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது. 1983 இல் இவரது ஓவியங்களின் பதிப்புரிமையை வட ஆட்புல அரசின் பொது அறங்காவலர் 8,500 டாலருக்குத் தனியார் பதிப்பகம் ஒன்றுக்கு விற்றார். குடும்பத்தினரின் நீண்ட போராட்டத்தின் பின் 2017 இல் அவ்வுரிமை அவர்களுக்கான அறக்கட்டளையை வந்தடைந்தது. இவரது கொள்ளுப்பேரன் வின்சென்ட் நமட்ஜிரா 2020 இல் ஆர்ச்சிபால்ட் பரிசை வென்றார். அப்பரிசை வென்ற முதல் பழங்குடி ஓவியர் அவரே.