பாப்பா டாக்டர்

சைட்டில் சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்த ஒரு மேஸ்திரியை எனக்குத் தெரியும். கால் போனதைவிட, மூத்திரம் தன் வசத்தில் இல்லை என்பதுதான் அவரை அழ வைத்தது. மலர்க் குழுவினர் ஒரு பெரிய மனிதரைப் பற்றி எழுதித் தரச் சொன்னதும், விஸ்வேஸ்வரய்யாவை விட்டுட்டு லுட்விக் குட்மனைப் பிடித்துக்கொண்டேன். ஜூனியர்ஸ் சிரிக்காமப் படிங்கப்பா!

குட்மன் 1899-ல் ஜெர்மனியின் சிலேசியாப் பகுதியில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1917-ல் ஒரு ஆஸ்பத்திரியில் உதவியாளாக இருந்தபோது, முதுகு ஒடிந்த ஒரு சுரங்கத் தொழிலாளி வந்தான். எப்படியும் சாகப்போகிறவன், அதிகம் எழுத வேண்டாம் என்றார்கள் பெரியவர்கள். அஞ்சே வாரத்தில் செத்தும் போனான். கொன்றது எலும்பு முறிவு அல்ல; சிறுநீரில் ஏறிய கிருமி.

நரம்பியல் நிபுணராக உயர்ந்தவரின் வேலையை 1933-ல் நாஜி ஆட்சி பறித்தது. யூத ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். 1938 நவம்பரில் யூதர்களை வேட்டையாடிய இரவில், ஓடி வந்தவர்களையெல்லாம் நோயாளி என்று அட்மிட் செய்து, பெரும்பாலானவர்களைக் காப்பாற்றினார். 1939-ல் குடும்பத்தோடு இங்கிலாந்து.

1944-ல் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியின் முதுகுத்தண்டுப் பிரிவை அவரிடம் கொடுத்தார்கள். நம்ம பாஷையில் சொன்னால், இந்த நோயாளியின் மூத்திரப்பை லெவல் காட்டாத டேங்க். நிரம்பினால் தெரியாது, அழுத்தம் பின்னோக்கிக் கிட்னிக்குப் போகும். அப்போதைய வழக்கம், அடிவயிற்றில் துளை போடுவது அல்லது ட்யூபை நிரந்தரமாக உள்ளேயே விடுவது. உள்ளேயே கிடக்கிற ட்யூப் கிருமிக்கு ராஜபாட்டை. குட்மன் என்ன செய்தார்? சில மணிக்கு ஒரு தடவை, கை படாமல், சுத்திகரித்த கதீட்டரைச் செலுத்தி, வடித்துவிட்டு உடனே எடுத்துவிடச் சொன்னார். டாக்டர்களே செய்யணும் என்று கறார். மலம் கழிக்கவும் நேரம் வைத்துப் பழக்கம். படுக்கைப்புண் வராமலிருக்க ரெண்டு மணிக்கொரு தடவை, ராத்திரியிலும், புரட்டிப் படுக்க வைத்தார்கள். மகா கோபக்காரர்; ஆனாலும் நோயாளிகளுக்கு அவர் 'பாப்பா'. (அப்பா என்ற அர்த்தத்தில்!)

1966-ல் ஃப்ராங்கலுடன் சேர்ந்து 476 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். பாதிக்கு மேற்பட்டவர்கள் சிறுநீரில் கிருமியே இல்லாமல் வீடு திரும்பியிருந்தார்கள். அதே வருஷம் சர் பட்டம்.

1948-ல் லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய அன்றே, ஆஸ்பத்திரி மைதானத்தில் சக்கர நாற்காலிக்காரர்கள் 16 பேரை வில்வித்தைப் போட்டியில் இறக்கினார். அதுதான் பாராலிம்பிக்ஸாக வளர்ந்தது. 2016-ல் நம்ம சேலம் மாரியப்பன் தங்கம் வாங்கியது அதில்தான். உலகம் அவரைக் கொண்டாடுவது இதற்காக. என் கட்சி வேற: ட்யூப் விஷயம் சரியாகாமல் வில்லைப் பிடிக்க ஆளே உயிரோடு இருந்திருக்காது.

1980-ல் காலமானார். அதற்கு முன்பே, 1972-ல், அமெரிக்காவின் லாபிடஸ் இன்னொரு படி போய், சோப்புப் போட்டுக் கை கழுவி நோயாளியே வீட்டில் செய்துகொண்டால் போதும் என்று காட்டிவிட்டார்.

நம்ம மேஸ்திரியும் அப்படித்தான், வாட்சைப் பார்த்து, ஒரு நாளைக்கு அஞ்சு தடவை. இப்போ சைட் ஸ்டோரில் கம்பிக் கணக்கு அவர் கையில். ஒரு டன் இடித்தாலும் எனக்குத்தான் திட்டு விழும்.