கம்ப்யூட்டர் சூட்டோடு 40 வருஷம் மல்லுக்கட்டிய மனிதர்: யார் இந்த சீமோர் கிரே?

கேம் விளையாடும்போது கம்ப்யூட்டர் ஃபேன் திடீர்னு இரைச்சல் போட ஆரம்பிக்குதா? உள்ளே பிராசஸர் சூடாகிவிட்டது என்று அர்த்தம். சூடு எல்லை மீறினால், அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால்தான் ஓவர்கிளாக்கிங் செய்பவர்கள், அதாவது கம்பெனி நிர்ணயித்ததைவிட அதிக வேகத்தில் பிராசஸரை ஓட்டிப் பார்ப்பவர்கள், முதலில் நல்ல கூலரைத் தேடுகிறார்கள்.

இந்தத் தலைவலி டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே தொடங்கியது. அதோடு வாழ்நாள் முழுக்க மோதியவர், சூப்பர் கம்ப்யூட்டரின் தந்தை என்று அழைக்கப்படும் அமெரிக்க இன்ஜினியர் சீமோர் கிரே. மோதலில் சில முறை ஜெயித்தார். தோற்றபோது கம்பெனியையே இழந்தார்.

வேகத்துக்கும் சூட்டுக்கும் என்ன சம்பந்தம்?

பிராசஸருக்குள் ஒரு கடிகாரத் துடிப்பு உண்டு. அந்த ஒவ்வொரு துடிப்புக்கும் லட்சக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஆன், ஆஃப் ஆகின்றன. துடிப்பைக் கூட்டினால் மின்சாரம் அதிகம் செலவாகும், அவ்வளவும் வெப்பமாக மாறும். வேகத்துக்காக வோல்டேஜையும் ஏற்றினால் சூடு இன்னும் வேகமாக எகிறும்.

கிரேவுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒளியே ஒரு நானோ நொடியில் சுமார் 30 சென்டிமீட்டர்தான் போகும். வயரில் ஓடும் சிக்னல் அதைவிட மெதுவு. அப்போ வேகம் வேண்டுமென்றால் வயர் குட்டையாக இருக்கணும். வயர் குட்டையாக இருக்கணும்னா பாகங்களை நெருக்கி அடுக்கணும். நெருக்கி அடுக்கினா சூடு வெளியேற வழியில்லை. கிரேவின் வாழ்க்கைக் கதையே இந்த ஒரு முடிச்சுதான்.

சின்ன ஊர், பெரிய மெஷின்

1925 செப்டம்பர் 28-ல் விஸ்கான்சின் மாநிலத்தின் சிப்பேவா ஃபால்ஸ் என்ற சிறிய ஊரில் பிறந்தார். அப்பா சிவில் இன்ஜினியர். இரண்டாம் உலகப்போரில் ராணுவத்தில் பணியாற்றிவிட்டு, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மின் பொறியியலும் கணிதமும் படித்தார். பிறகு கம்ப்யூட்டர் வடிவமைப்பில் நுழைந்து, 1950-களின் கடைசியில் கன்ட்ரோல் டேட்டா என்ற புதிய கம்பெனியில் சேர்ந்தார்.

மீட்டிங், ரிப்போர்ட் எல்லாம் அவருக்கு ஆகாது. தலைமை அலுவலகத்தின் தொல்லை தாங்காமல் சொந்த ஊரிலேயே ஆய்வகம் போட வைத்தார். அங்கே உருவானதுதான் 1964-ல் வெளிவந்த சிடிசி 6600. சுமார் 4 லட்சம் டிரான்சிஸ்டர்கள், 10 மெகாஹெர்ட்ஸ் வேகம். இன்றைய செல்போனோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஐபிஎம் கம்பெனியின் அதிவேக கம்ப்யூட்டரைவிட அது சுமார் 3 மடங்கு வேகம். வெறும் 34 பேர் கொண்ட டீமிடம் எப்படித் தோற்றோம் என்று ஐபிஎம் தலைவரே தன் அதிகாரிகளுக்குக் கோபமாக மெமோ அனுப்பினார். அந்த 34-ல் துப்புரவுப் பணியாளரும் அடக்கம்!

அந்த மெஷினை ஃபேன் காற்றால் குளிர்விக்க முடியவில்லை. ஃப்ரிட்ஜில் ஓடுவது போன்ற ஃப்ரியான் குளிர்பதன அமைப்பையே கம்ப்யூட்டருக்குள் பொருத்தினார்கள். அதைச் செய்துகொடுத்தவர் டீன் ரவுஷ் என்ற இன்ஜினியர். கிரே பெயர் தெரிந்த பலருக்கு இவர் பெயர் தெரியாது.

முதல் அடி

பின்னாளில் 8600 என்ற மெஷின். பாகங்களை இன்னும் நெருக்கினார். பல சர்க்யூட் போர்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மாட்யூல்கள் சூட்டையும் தாங்கவில்லை, நம்பகமாகவும் ஓடவில்லை. மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கணும்னு கிரே நினைத்தார். கம்பெனியிடம் அதற்குப் பணம் இல்லை. 1972-ல் வெளியேறி கிரே ரிசர்ச் கம்பெனியைத் தொடங்கினார். சண்டை போட்டுப் பிரியவில்லை. பழைய கம்பெனியே அதில் முதலீடும் செய்தது!

1976-ல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்குப் போன கிரே-1 அவரை உலகப் புகழ் ஆக்கியது. ஆங்கில 'சி' எழுத்து வடிவம், கீழே சுற்றிலும் மெத்தை போட்ட இருக்கை. அழகுக்காக செய்தது போலத் தெரியும். ஆனால் வளைத்ததற்குக் காரணம் வயர் நீளம். எந்த வயரும் சுமார் 4 அடியைத் தாண்டக்கூடாது என்பது கணக்கு. அதனால் 80 மெகாஹெர்ட்ஸ் கிடைத்தது. இருக்கைக்குள் ஒளிந்திருந்தது பவர் சப்ளை.

அது இழுத்த மின்சாரம் சுமார் 115 கிலோவாட். இன்றைய உயர்ரக டெஸ்க்டாப் பிராசஸர் முழு மூச்சில் ஓடும்போது இழுப்பது 250 வாட் அளவில்தான். இரண்டிரண்டு போர்டுகளுக்கு நடுவே ஒரு செப்புத் தகடு. அது வெப்பத்தை ஓரத்துக்குக் கடத்தும். அங்கே எஃகுக் குழாயில் ஓடும் ஃப்ரியான் அதை வாங்கிக்கொண்டு போகும். உங்கள் கூலரில் செப்பு அடித்தளமும் குழாய்களும் செய்யும் அதே வேலை!

எளிதாக நடக்கவில்லை. ஃப்ரியானோடு கலந்திருந்த மசகு எண்ணெய் இணைப்புகள் வழியே கசிந்து, போர்டுகள் மேல் படிந்து ஷார்ட் ஆனது. குழாய்களை அடைக்கப் புது வெல்டிங் முறையையே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. உலகின் அதிவேக கம்ப்யூட்டர் ஒரு பிளம்பிங் பிரச்சினையால் காத்துக் கிடந்தது.

கம்ப்யூட்டரையே திரவத்தில் முக்கினார்

1985-ல் வந்த கிரே-2-ல் துடிப்புக்கான நேரம் 4.1 நானோ நொடி. உயரம் 4 அடிக்கும் குறைவு. போர்டுகளுக்கு இடையே குழாய் விட இடமே இல்லை. கிரே எடுத்த முடிவு துணிச்சலானது: மொத்த சர்க்யூட்டையும் திரவத்தில் மூழ்கடித்துவிட்டார்! தண்ணீர் இல்லீங்க. ஃப்ளூரினெர்ட் என்ற, மின்சாரம் கடத்தாத திரவம். அது பாகங்களைத் தொட்டுக்கொண்டே ஓடி வெப்பத்தை எடுத்துச் சென்றது. குமிழிகள் என்பது அந்த மெஷினின் செல்லப்பெயர். ஒரே தொந்தரவு, ரிப்பேர் செய்ய வேண்டுமென்றால் முதலில் திரவத்தை வடிக்கணும்.

இன்று டேட்டா சென்டர்களில் புதுமை என்று பேசப்படும் இம்மர்ஷன் கூலிங் இதேதான்.

கடைசி ஆட்டம்

அடுத்த மெஷினான கிரே-3-ல் சிலிக்கானை விட்டுவிட்டு கேலியம் ஆர்சனைடுக்கு மாறினார். இலக்கு 500 மெகாஹெர்ட்ஸ். இதற்காக 1989-ல் தனிக் கம்பெனி. உள்ளங்கை அளவு மாட்யூலுக்குள் எல்லாவற்றையும் அடைப்பதற்குள் வருடங்கள் ஓடின. பனிப்போர் முடிந்து அரசு பட்ஜெட்டும் சுருங்கியது. முதல் வாடிக்கையாளர் ஆர்டரை ரத்து செய்தார். ஒரே ஒரு மெஷின் மட்டும் 1993-ல் ஒரு வானிலை ஆய்வு மையத்துக்குப் போனது. 1995-ல் கம்பெனி திவால்.

அதற்குள் உலகம் வேறு வழியில் போய்விட்டது. ஒரு பிராசஸரை அதிவேகமாக்குவதைவிட, சாதாரண பிராசஸர்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து வேலை செய்வது மலிவாக இருந்தது. கிரே இந்த வழியை நெடுங்காலம் நம்பவில்லை. அதில் அவர் கணிப்பு தவறு என்றே சொல்லணும். பின்னாளில் இன்டெல் கம்பெனியும் அவர் முட்டிய சுவரில்தான் முட்டியது. 2004-ல் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தைக் கைவிட்டு, ஒரே சிப்பில் பல கோர்கள் என்ற பாதைக்குத் திரும்பியது.

கிரேவும் கடைசியில் மனம் மாறினார். 70 வயதைத் தாண்டி, 1996-ல் மீண்டும் ஒரு புதிய கம்பெனி தொடங்கினார். இந்த முறை பல பிராசஸர்களை இணைக்கும் திட்டம். சில வாரங்களிலேயே, செப்டம்பர் 22 அன்று கொலராடோ ஸ்பிரிங்ஸ் நெடுஞ்சாலையில் அவரது கார் விபத்தில் சிக்கியது. அக்டோபர் 5 அன்று 71 வயதில் உயிரிழந்தார்.

2022-ல் உலகின் நம்பர் 1 சூப்பர் கம்ப்யூட்டரான ஃபிரான்டியர், கிரே என்ற பிராண்டு பெயரில் வந்த மெஷின்தான். அதைக் குளிர்விக்க, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் குழாய்களில் ஓடுகிறது.