மாருதி 800 என்ஜினில் ரேஸ் கார்... யார் இந்த கரிவரதன்?

மாருதி 800 ஞாபகம் இருக்கா? அதோட 796 சிசி என்ஜினை வைத்தே ரேஸ் கார் செய்தவர், கோவை எஸ்.கரிவரதன்.

1954-ல் பிறந்தவர். மில் குடும்பத்துப் பிள்ளை. ஆனா மனசு முழுக்க சோழவரத்தில்தான். பழைய விமான ஓடுதளத்தில் நடந்த அந்தப் பந்தயங்களில் இவரும் கார் ஓட்டினார்.

அப்போ வெளிநாட்டு ரேஸ் கார் வாங்குவது வசதியானவங்களுக்கே கஷ்டம். இறக்குமதி வரி அப்படி. ஒரு பார்ட் உடைஞ்சா, அந்த சீசனே போச்சு. கரிவரதன் போட்ட கணக்கு சிம்பிள். உள்ளூர் கடையில் ஸ்பேர் கிடைக்கிற என்ஜின், ஒரே ஒரு சீட், மட்கார்டு இல்லாமல் வெளியே தெரியும் நான்கு சக்கரங்கள். அதுதான் ஃபார்முலா மாருதி. போட்டியில் எல்லாருக்கும் ஒரே வகை கார் என்பதால், யாரிடம் காசு அதிகம் என்பதைவிட யார் நல்லா ஓட்டுறாங்க என்பதே பேச்சானது. அவர் ஜெயித்த கோப்பைகளைவிட இதுதான் பெரிய விஷயம்.

நரேன் கார்த்திகேயன் ரேஸுக்குள் வந்ததும் ஃபார்முலா மாருதி வழியாகத்தான். 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார் நரேன். அதைப் பார்க்க கரிவரதன் இல்லை. 1995 ஆகஸ்டில் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 41.

செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே இவர் பெயரில்தான் இருக்கு. அந்தக் 'கரி' நிலக்கரி இல்லீங்க!