நண்பரைத் தீட்டிய தூரிகை

ரஷ்ய நாட்டின் தலைசிறந்த ஓவியர்களுள் ஒருவர் இலியா ரெப்பின். இவர் 1844ஆம் ஆண்டு, இன்றைய உக்ரைன் நாட்டிலுள்ள சுகுயிவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையில் தேவாலயங்களுக்குத் திருவுருவங்கள் தீட்டிப் பொருளீட்டினார். பின்னர்த் தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சென்று ஓவியக்கலை பயின்றார். வோல்கா ஆற்றங்கரையில் கயிறு கட்டிப் படகிழுக்கும் தொழிலாளரைக் காட்டும் இவரது ஓவியம் 1873இல் நிறைவுற்றுப் பெரும்புகழ் தேடித் தந்தது. உள்ளதை உள்ளவாறே தீட்டுவது இவரது கொள்கை.

இவருடைய நண்பர் மொதெஸ்த் முசோர்க்ஸ்கி, எளிய மக்களின் பேச்சையும் துயரையும் இசையில் வடித்தவர். விக்டர் ஹார்ட்மன் என்னும் கலைஞர் மறைந்தபோது, அந்நண்பரின் ஓவியக் கண்காட்சியை நினைந்து 1874இல் பியானோவுக்கென ஓர் இசைத்தொகுப்பை இயற்றினார். அத்தகைய மேதையை வறுமையும் மதுப்பழக்கமும் நலிவுறச் செய்தன. 1881இல் அவர் தலைநகரின் படை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

செய்தியறிந்த ரெப்பின் நண்பரைக் காணச் சென்றார். அன்றைய ரஷ்ய நாள்காட்டிப்படி மார்ச் 2ஆம் நாள் அவரது உருவத்தைத் தீட்டத் தொடங்கினார். அதற்கு முந்தைய நாள்தான் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டிருந்தார். நகரமே கலங்கியிருந்த அவ்வேளையிலும் ஓவியர் நாள்தோறும் நண்பர்முன் அமர்ந்தார். ஓவியத்தை நிறுத்தும் தாங்கிகூட அங்கில்லை. நண்பருக்கு முன்னிருந்த சிறு மேசையே அதற்குப் பயன்பட்டது. நான்கே நாள்களில் ஓவியம் நிறைவுற்றது.

கலைந்த தலைமுடி, சிவந்த மூக்கு, மருத்துவமனையில் உடுத்திய அங்கி ஆகிய எதனையும் ரெப்பின் மறைக்கவில்லை. நண்பரை அழகுபடுத்திக் காட்டுவது அவருக்கு அரிதன்று. ஆயினும், அவ்வாறு செய்தால் அது வேறொருவரின் உருவமாகிவிடும். அதே வேளையில், அவர் நோயை மட்டும் தீட்டவுமில்லை. எங்கோ தொலைவை நோக்கும் அவ்விழிகளில் தளராத அறிவொளியைத் தேக்கி வைத்தார். காண்போர் முதலில் நோயாளியைக் காண்பர். சற்றே நின்று நோக்கின் இசைமேதையைக் காண்பர்.

ஓவியம் முடிந்த 11ஆம் நாள், 42 வயதில் முசோர்க்ஸ்கி மறைந்தார். மாஸ்கோ வணிகர் பாவெல் திரெத்தியாகோவ் அவ்வோவியத்தை விலைகொடுத்து வாங்கினார். அத்தொகையை ரெப்பின் தமக்கென வைத்துக்கொள்ளாமல், நண்பரின் நினைவுச்சின்னத்திற்கே அளித்தார்.

ரெப்பின் 1930இல் மறைந்தார். மாஸ்கோவின் திரெத்தியாகோவ் கலைக்கூடத்தில் இன்றும் அவ்வோவியம் உள்ளது. நண்பரின் குறையை மறைக்காத நேர்மையும், அக்குறையால் அவரை அளவிடாத அன்பும் அதில் ஒருங்கே விளங்குகின்றன.

சொற்பொருள்
நலிவு – மெலிவு, தளர்ச்சி
அங்கி – மேலாடை
ஒருங்கே – ஒருசேர

வினாக்கள்
1. ரெப்பினின் ஓவியக் கொள்கை யாது?
2. ஹார்ட்மனின் நினைவாக முசோர்க்ஸ்கி செய்தது என்ன?
3. நண்பரின் நோய்த்தோற்றத்தை ரெப்பின் மறைக்காதது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.