கராத்தே ஆசான் புனாகோஷி

ஓய்வு நேரத்தில் பள்ளித் திடலிலே கைகால்களை வீசி நீங்கள் கராத்தே விளையாடுவதை நாம் பலமுறை கண்டதுண்டு. அக்கலையை ஜப்பான் முழுவதும் பரவச் செய்தவர் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியர் என்பதை உங்களுள் எத்தனை பேர் அறிவீர்?

கிச்சின் புனாகோஷி 1868ஆம் ஆண்டு ஒகினாவாத் தீவின் ஷுரி நகரில் பிறந்தார். குறைமாதக் குழந்தையாதலால் நோஞ்சானாகவே வளர்ந்தார். உடன்படித்த மாணவனின் தந்தையாகிய அசாத்தோ என்பாரிடம் இரவு வேளைகளில் மறைவாகக் கராத்தே பயின்றார். ஒரே அசைவு வரிசையை மாதக் கணக்கிலே திரும்பத் திரும்பச் செய்யுமாறு ஆசான் பணிப்பார். ஒரு வாய்பாட்டை இரண்டு நாள் ஒப்புவிக்கச் சொன்னாலே முகஞ்சுளிப்போர் இதனைக் கருதுக. நாளடைவில் அவர் உடல் தேறிற்று.

மருத்துவக் கல்விக்குரிய தேர்வில் தேறியும், குடுமியை நீக்க வீட்டார் இசையாமையால் அவ்வாய்ப்பை இழந்தார். பின்னர் 1888இல் ஆசிரியப் பணிக்காகக் குடுமியைக் களைந்தபோது பெற்றோர் பெரிதும் சினந்தனர். முப்பதாண்டுகளுக்கும் மேலாக அவர் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். ஊதியமோ மிகச் சொற்பம். ஆசிரியர் வீட்டு அடுப்பின் நிலையை நாம் விளக்க வேண்டுவதில்லை. துணைவியார் நெசவு நெய்தும், காய்கறி பயிரிட்டும் குடும்பத்தைக் காத்தார்.

1922ஆம் ஆண்டு, தமது 53ஆம் வயதில், கராத்தேயைச் செய்துகாட்டத் தோக்கியோ சென்றவர் அங்கேயே தங்கிவிட்டார். கையில் பொருளில்லை. ஒகினாவா மாணவர் விடுதியொன்றில் காவலராய் இருந்து, அறைகளைப் பெருக்கி, தோட்டத்தைப் பேணி, எஞ்சிய நேரத்தில் கராத்தே கற்பித்தார். தலைமையாசிரியராகிய நாம் துடைப்பம் எடுத்தால் ஓடிவந்து பிடுங்கும் பிள்ளைகள் இங்குண்டு. அன்று அவருக்கு எவருமிலர்.

மெல்ல மெல்ல மாணவர் பெருகினர். 1930களில் அவர்கள் நன்கொடை திரட்டி ஆசானுக்கென ஒரு பயிற்சிக் கூடம் எழுப்பினர். கவிதை எழுதுகையில் அவர் சூடிய புனைபெயரால் அது ஷோட்டோகான் என வழங்கிற்று. மூன்றாம் மகன் கிகோ அங்கு முதன்மைப் பயிற்றுநரானார். அவர் சிறுவயதிலேயே காசநோய் கண்டவர். எனினும் ஆற்றல் மிக்கவர்.

1945ஆம் ஆண்டு வந்தது. குண்டுவீச்சில் கூடம் எரிந்து சாம்பலாயிற்று. அவ்வாண்டிலேயே கிகோ இறந்தார். கையால் வளர்த்த மாணவர் பலர் போர்முனையிலிருந்து திரும்பவில்லை. ஒகினாவாவும் போர்க்களமாயிற்று, அங்கிருந்து ஏதிலியாய் ஓயித்தா வந்து சேர்ந்த துணைவியாரிடம் முதியவர் சென்றார். பல்லாண்டு பிரிந்து வாழ்ந்த அவ்விருவரும் வறுமையிலே சிறிது காலம் ஒன்றாயிருந்தனர். 1947இல் அவ்வம்மையாரும் மறைந்தார்.

இத்தனை இழப்பிற்குப் பின் இன்னொரு மாணவனுக்குக் கற்பிக்க எவருக்கு மனம் வரும்? நம் மாணவன் ஒருவன் நோயால் இறந்த ஆண்டிலே அவ்வகுப்பினுள் நுழையவே நமக்குக் கால் எழவில்லை. அவன் அமர்ந்த இடத்தைப் பார்க்காமலே பாடம் நடத்தினோம். புனாகோஷியின் துயரமோ அதனினும் பன்மடங்கு.

எனினும் எண்பதை நெருங்கிய அம்முதியவர் தோக்கியோ திரும்பி, மூத்த மகன் இல்லத்தில் தங்கினார். எஞ்சிய மாணவர் தேடி வந்தனர், புதியோரும் வந்தனர். கூடமில்லை, மகனில்லை, ஆயினும் மீண்டும் முதல் அசைவிலிருந்தே தொடங்கினார். 1949இல் மாணவர்கள் ஜப்பான் கராத்தே சங்கத்தை நிறுவி, அவரையே தலைமை ஆசானாக அமர்த்தினர். 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், 88ஆம் வயதில், தோக்கியோவில் அவர் காலமானார்.