மூளை மருத்துவத்தின் முன்னோடி: டாக்டர் பா. இராமமூர்த்தி

மனித உடலின் உறுப்புகளுள் மூளையே தலைமை வாய்ந்தது என்பதைச் சிறுவரும் அறிவர். ஆயினும் அம்மூளை எவ்வாறு காண்கின்றது, எவ்வாறு கையை நீட்டச் செய்கின்றது, எவ்வாறு கற்றதை மறவாது வைக்கின்றது, எதனைப் பெற்று மகிழ்கின்றது என வினவினால், கற்றோரும் சிறிது தயங்குவர். இவ்வினாக்களுக்கு விடை காணும் முயற்சி மேனாடுகளிற் பல தலைமுறைகளாக நடந்து வந்தது. நம் நாட்டிலோ அஃது வேரூன்றியது விடுதலை பெற்ற காலத்தை ஒட்டியேயாம். சென்னைமாநகரில் அவ்வேரை ஊன்றி நீர் வார்த்த ஒரு பெரியாரின் வரலாற்றை நம் மாணவர் அறிதல் வேண்டும் என்னும் விருப்பினால் ஈண்டுச் சுருங்கக் கூறுகின்றோம்.

பெருங்குடியினின்றும் அடையாற்றை நோக்கிப் பழைய மாமல்லபுரம் சாலை வழியே செல்வோர், தரமணியில் வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் என்னும் மருத்துவ நிலையத்தைக் காண்பர். எளியோர்க்கும் நல்ல மருத்துவம் கிடைத்தல் வேண்டும் என்னும் நோக்கத்துடன் டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958-ஆம் ஆண்டிற் கண்ட அறநிலையம் அது. அதனகத்தே, ஆயுர்வேத மருத்துவராய் விளங்கிய ஆசண்ட லட்சுமிபதியின் பெயர் தாங்கி மூளை அறுவை மருத்துவப் பிரிவொன்று நிலவுகின்றது. நாள்தோறும் பல்லாயிரவர் அச்சாலையிற் கணிப்பொறி அலுவலகங்களுக்கு விரைகின்றனர். அப்பிரிவை உருவாக்கியவர் யாவர் என எண்ணுவார் சிலரே. அவரே டாக்டர் பாலசுப்பிரமணியம் இராமமூர்த்தி.

இராமமூர்த்தி 1922-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 30-ஆம் நாள் சீர்காழியிற் பிறந்தார். தந்தையாரும் மருத்துவரே. திருச்சிராப்பள்ளியிற் பள்ளிக் கல்வி பயின்று, சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து பட்டம் பெற்றார். பின்னர் அறுவை மருத்துவத்தில் உயர்பட்டமும், எடின்பரோ அறுவை மருத்துவக் கழகத்தின் சிறப்புப் பட்டமும் எய்தினார். இங்கிலாந்தின் நியூகாஸில் நகரில் ரௌபாதம் என்னும் மூளை அறுவை மருத்துவரிடம் அமர்ந்து அக்கலையைப் பயின்றார். அங்கேயே தங்கிப் பொருளும் புகழும் ஈட்டியிருத்தல் அவருக்கு அரிதன்று. ஆயினும் அவர் 1950-ஆம் ஆண்டு தாய்நாட்டிற்கு மீண்டு, சென்னை அரசினர் பொது மருத்துவமனையிற் பணி தொடங்கினார்.

அக்காலத்து நிலையை இன்றைய மாணவர் மனத்தில் எண்ணிப் பார்த்தல் நன்று. மூளைக்குள் இருப்பதைப் படமாகக் காட்டும் சி.டி. ஸ்கேன் 1971-ஆம் ஆண்டில்தான் இலண்டனில் முதன்முதல் ஒரு நோயாளிக்குப் பயன்பட்டது. அதற்கு முன்னர், மூளையின் உள்ளறைகளிற் காற்றைச் செலுத்தியோ, இரத்தக் குழாயில் மருந்து நீரைச் செலுத்தியோ எக்ஸ்ரே எடுத்து, நிழலைக் கொண்டு பொருளை ஊகித்தல் ஒன்றே வழி. தலையில் அடியுண்டோரும், மூளையிற் காசநோய்க் கட்டி கண்டோரும், வலிப்புநோயால் வருந்துவோரும் நாடெங்கும் மிகுந்திருந்தனர். அவர்களை ஏற்றுக் காக்கும் கைகளோ மிகச் சில. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ஆம் ஆண்டு இத்துறையைத் தொடங்கியிருந்தார். தெற்கே இவ்விரு விளக்குகளே அன்று எரிந்தன. 1951-ஆம் ஆண்டு சாண்டி, இராமமூர்த்தி, பல்தேவ் சிங், நரசிம்மன் ஆகிய நால்வரும் கூடி இந்திய நரம்பியற் சங்கத்தை நிறுவினர். நால்வராற் பிறந்த அச்சங்கம் இன்று நாடளாவி விரிந்து நிற்கின்றது.

இனி, இராமமூர்த்தியின் பணி எத்தகையது என விளங்க வேண்டுமாயின், மூளையின் அமைப்பைப் பற்றிச் சிறிது கூறுதல் இன்றியமையாதது. மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவை தனித்தனியே நின்று தொழில் செய்வன அல்ல. ஓர் ஊரின் வாய்க்கால்கள் மடையும் மதகுமாய் ஒன்றோடொன்று இணைந்து வயலுக்கு நீர் கொணர்வதுபோல, நரம்பணுக்களும் தொடர் தொடராக இணைந்தே செயல் புரிகின்றன. கண்ணிற் பட்ட ஒளி, தாலமஸ் என்னும் நடுநிலையத்தின் வழியாகப் பிடரிப்புறத்துப் பெருமூளைப் புறணியை அடைந்த பின்னரே காட்சியாகின்றது. ஆதலின், கண்கள் இரண்டும் பழுதின்றி இருப்பினும், பிடரிப்புற மூளை சிதைந்தார் பார்வை இழப்பர். காண்பது கண் மாத்திரம் அன்று என்பது இதனால் தெளிவாகும்.

இயக்கத்திற்கும் இத்தகைய தொடர் ஒன்றுண்டு. புறணியிற் பிறந்த எண்ணம், மூளையின் ஆழத்தே கிடக்கும் அடிக்கணுக்களுக்குச் சென்று, ஆங்குச் சீர்தூக்கப்பட்டுத் தாலமஸ் வழியாக மீண்டும் புறணியை எய்துகின்றது. வேண்டிய அசைவிற்கு வழிவிடுதலும் வேண்டாததைத் தடுத்தலும் இத்தொடரின் தொழில். நடுமூளையின் கரும்பகுதியிலுள்ள அணுக்கள் சுரக்கும் டோபமைன் என்னும் பொருள் இதனைச் சமனாக வைத்திருக்கின்றது. அவ்வணுக்கள் நலிந்து அழியின் பார்க்கின்ஸன் நோய் தோன்றும். கை நடுங்கும், நடை குறுகும், முகம் உணர்ச்சி காட்டாது இறுகும். அறிவு மழுங்காதிருந்தும் சோற்றை வாய்க்குக் கொண்டு செல்ல இயலாத முதியோரின் துயரம் சொல்லுந்தரமன்று.

1947-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஸ்பீகல், வைஸிஸ் என்னும் இருவர் ஒரு கருவியை மனிதர்பாற் பயன்படுத்தினர். தலையை உலோகச் சட்டகம் ஒன்றிற் பொருத்தி, நீளம், அகலம், ஆழம் ஆகிய மூன்றளவுகளையும் கணித்து, மண்டையில் இட்ட சிறுதுளை வழியே மெல்லிய கோலைச் செலுத்தி, குறித்த இடத்தை மாத்திரம் அழிக்கும் முறை அது. 1960-ஆம் ஆண்டை ஒட்டி இராமமூர்த்தியும், அவருடன் உழைத்த டாக்டர் பாலசுப்பிரமணியமும் டாக்டர் கல்யாணராமனும் இம்முறையைச் சென்னையிற் கையாளத் தொடங்கினர். நோயாளி விழித்திருக்கவே, தாலமஸின் ஒரு சிறு பகுதியை அழிக்குங்கால், பல்லாண்டு நடுங்கிய கை அக்கணமே அடங்குதலும் உண்டு. அழித்தது ஓர் அற்ப இடம். அடங்கியது ஒரு முழுக்கை. மூளை தொடர்களாலாகியது என்பதற்கு இதனினும் கண்கூடான சான்று வேண்டுவதில்லை. எனினும் குறி சிறிது பிழைப்பின் குருதிக் கசிவும் கைகால் தளர்ச்சியும் நேரும். இருபுறமும் செய்யின் பேச்சுக் குழறும். ஆதலின் கோலைப் பிடித்தவர் கை நடுங்காதிருத்தல் மாத்திரம் போதாது; எங்கு நிறுத்துவது என்னும் அறிவும் வேண்டும்.

கற்றலுக்கும் மகிழ்ச்சிக்கும் உரிய தொடர்களைப் பற்றியும் அக்காலத்திலேயே வியத்தகு செய்திகள் வெளிவந்தன. 1953-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வலிப்புநோய் தீர்த்தற்பொருட்டு இளைஞர் ஒருவருக்கு ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி இருபுறமும் நீக்கப்பட்டது. அதன்பின் அவர் புதிய செய்தி எதனையும் நினைவில் நிறுத்த மாட்டாதவராயினார். ஆயினும் கண்ணாடியிற் பார்த்து வரையும் கைத்திறனை நாள்தோறும் பழகித் தேர்ந்தார். பழகினோம் என்பதை மாத்திரம் அவர் அறியார். செய்தியைக் கற்பதும் தொழிலைக் கற்பதும் வெவ்வேறு வழிகள் என்பது இதனாற் புலனாயிற்று. 1954-ஆம் ஆண்டு மான்ட்ரியால் நகரில் ஓல்ட்ஸ், மில்னர் என்போர் எலியின் மூளையில் ஒரு கம்பியைப் பதித்து, நெம்புகோலை அழுத்தின் மின்சாரம் பாயுமாறு அமைத்தனர். எலி அந்நெம்புகோலை விடாது அழுத்திற்று. இன்பத்தைத் தேடச் செய்யும் தொடர் ஒன்று மூளையில் உண்டு என அறிஞர் துணிந்தனர். பின்னாளில், டோபமைன் அணுக்கள் எதிர்பாராத நற்பேற்றுக்கே மிகக் கிளர்கின்றன என்றும், எதிர்பார்த்தது வாராதவிடத்து அடங்குகின்றன என்றும் குரங்குகளைக் கொண்டு ஷுல்ட்ஸ் என்பவர் காட்டினார். கள்ளும் அபினியும் மனிதனை அடிமை கொள்வது இத்தொடரைக் கைப்பற்றியேயாம்.

இராமமூர்த்தியின் வாழ்வில் ஆழ்ந்து சிந்திக்கத்தக்க பகுதி இங்கேதான் வருகின்றது. நடுக்கத்தை அடக்கிய கோல், அடங்காச் சினத்தையும் அடக்குமோ என்னும் வினா எழுந்தது. ஜப்பானில் நரபயாஷி என்பவர், அச்சத்திற்கும் வெகுளிக்கும் தொடர்புடைய அமிக்டலா என்னும் பாதாம்பருப்பு வடிவான பகுதியை அழித்து, கட்டுக்கடங்காதாரை அமைதிப்படுத்த முயன்றிருந்தார். சென்னை மருத்துவரும் அவ்வழியிற் சென்றனர். தம்மையும் பிறரையும் ஓயாது தாக்குவோர், வலிப்போடு வெறிகொள்வோர், மூளைநோயின் விளைவாக ஓரிடத்தும் நில்லாத சிறுவர் ஆகியோருக்கு இச்சிகிச்சை செய்யப்பட்டது. போதைக்கு அடிமைப்பட்டார் சிலருக்கு வேறோரிடத்தை அழித்தும் பார்த்தனர். 1988-ஆம் ஆண்டு இராமமூர்த்தி வெளியிட்ட கணக்கில், நடத்தைக் கோளாறுகளுக்காக இவ்வாறு அறுவை செய்யப்பட்டோர் 600-க்கு மேற்பட்டவராவர்.

இதனை எவ்வாறு மதிப்பது? நாம் இரு பக்கமும் நோக்குதல் முறை. ஏற்ற மருந்துகளும், அவ்வகைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளும் அரியனவாயிருந்த காலம் அது. சங்கிலியாற் பிணித்து வைக்கப்பட்ட மகனை அழைத்துவந்து, ஏதேனும் செய்யுமாறு மன்றாடும் பெற்றோர்க்கு மறுமொழி சொல்லுதல் எளிதன்று. மற்றொரு பக்கத்தில், நடுக்கத்தை நீக்குக எனக் கேட்பவர் நோயாளியே. சினத்தை நீக்குக எனக் கேட்பவரோ பெரும்பாலும் பிறர். அறுவைக்குள்ளாகும் சிறுவனின் இசைவை எவர் பெற்றார்? அழித்த பகுதி மீண்டு வளராது. அச்சமும் சினமும் மாத்திரமன்று, பிறர் முகத்தின் குறிப்பை உணர்தலும் அமிக்டலாவின் தொழில்களுள் ஒன்றெனப் பின்னர் தெரிய வந்தது. 1970-ஆம் ஆண்டுகளில் இத்தகைய அறுவையைக் குறித்து மேனாடுகளிற் கடும் வாதம் நிகழ்ந்தது. நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளியே அறிந்து தரும் இசைவும் உரிய வாரியத்தின் ஒப்புதலும் இன்றி மனநோய்க்கென மூளை அறுவை செய்தலாகாது என விதித்துள்ளது. அவ்விதி நன்றே என்பது எம் கருத்து. ஆயினும் இராமமூர்த்தியார் தாம் செய்ததை மறையாது, எண்ணிக்கையோடு உலகறிய எழுதி வைத்தார். அவர் எழுதியதனாலன்றோ நாம் இன்று அதனை ஆராய்ந்து, கொள்வதைக் கொண்டு தள்ளுவதைத் தள்ள முடிகின்றது? தவறுமோ என்னும் ஐயத்திற்கு இடம் தருவது அறிவியலின் குறையன்று, அதன் உயிராம்.

இது நிற்க. அன்னாரின் பிற பணிகள் பல. பொது மருத்துவமனையில் நரம்பியல் நிலையம் ஒன்று உருவாகிச் சிறத்தற்கு அவர் உழைப்பே அடிப்படை. சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல்வராகவும் விளங்கினார். பெண்கள் அறுவை மருத்துவத்தை நாடுதலே அரிதாயிருந்த நாளில், டாக்டர் கனகா அவர் பிரிவிற் பயின்று, ஆசியாவின் முதற் பெண் மூளை அறுவை மருத்துவர்களுள் ஒருவராய்ப் புகழ்பெற்றார். மூளையை அழியாது மின்தூண்டலால் நோய் தணிக்கும் முயற்சியில் அவ்வம்மையார் 1970-ஆம் ஆண்டுகளிலேயே ஈடுபட்டது குறிப்பிடத்தக்கது. அழிப்பதினும் தூண்டுதல் மேல் என்னும் அவ்வழியே, 1987-ஆம் ஆண்டிற்குப் பின் உலகெங்கும் பரவிற்று. 1973-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் இராமமூர்த்திக்குப் பத்மபூஷண் விருதளித்தது. அரசுப் பணியினின்று ஓய்வு பெற்ற பின்னரும் ஓய்வு கொள்ளாது, தரமணி நிலையத்தில் அமர்ந்து எளியோர்க்கு மருத்துவம் புரிந்தார். யோகத்தின்போது மூளையில் நிகழ்வதையும் உணர்வின் இயல்பையும் ஆராய்வதில் முதுமையிலும் ஆர்வம் குன்றாதவராயிருந்தார். தம் வாழ்க்கையைத் தாமே ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். 2003-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 13-ஆம் நாள், 81-ஆம் அகவையில் இம்மண்ணுலக வாழ்வை நீத்தார்.

அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாயின. தரமணிக்கு அணித்தாக, கிண்டியிலுள்ள ஐ.ஐ.டி. வளாகத்தில் 2022-ஆம் ஆண்டு தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம், கருவிலுள்ள சிசுவின் மூளையை மென்சீவல்களாக்கிப் படம் பிடித்து, 5,132 பகுதிகள் கொண்ட தொகுதியைத் தரணி என்னும் பெயரால் 2024-ஆம் ஆண்டில் உலகிற்கு வழங்கியது. நிழலைக் கண்டு ஊகித்த காலம் போய், அணுவணுவாகக் காணும் காலம் நம் ஊரிலேயே வந்துவிட்டது.

மாணவ நண்பர்களே! தொடர்களின் படம் நாளுக்குநாள் தெளிவாகின்றது. ஆயினும் எத்தொடரைத் தொடலாம், எதனைத் தொடலாகாது, யாருடைய இசைவோடு தொடுவது என்பதை எப்படமும் காட்டாது. அதனை நாமே சிந்தித்துத் துணிதல் வேண்டும். கைத்திறனையும் துணிவையும் இராமமூர்த்தியாரிடம் கற்போமாக. செய்ததை மறையாது எழுதி வைக்கும் நேர்மையையும் அவரிடமே கற்போமாக. பெருங்குடிச் சாலையிற் செல்லுங்கால் அந்நிலையத்தை ஒருமுறை ஏறிட்டு நோக்குவோர், அங்கே ஒரு மருத்துவரின் உழைப்பை மாத்திரமன்றி, நமக்கென அவர் விட்டுச்சென்ற வினாவையும் காண்பாராக.