கணக்குக் கேட்ட பெரோஸ் காந்தி



ஆண்டறிக்கையின் பிற்பகுதியில் வரவு செலவுக் கணக்கு அச்சிடப்படுகிறது. அதனைப் பார்ப்பவர் சிலரே. பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்பவர் அதனினும் சிலர். அவ்வாறு கேட்பவரை நிர்வாகத்தின் மீது ஐயம் கொண்டவர் என்று கருதும் வழக்கமும் நம்மிடையே இருக்கிறது. ஆகவே, தம் சொந்தக் கட்சியின் அரசிடமே, அதுவும் தம் மாமனார் பிரதமராக வீற்றிருந்த அரசிடமே, நாடறியக் கணக்குக் கேட்ட ஒருவரின் வாழ்வை இம்முறை எழுத எண்ணினோம். அவர் பெரோஸ் காந்தி.

பெயரைக் கேட்டு அவரை முஸ்லிம் என்று எண்ணுவோர் நம்மில் உண்டு. மகாத்மா காந்தியின் உறவினர் என்று எண்ணுவோரும் உண்டு. இரண்டும் சரியன்று. அவர் பார்சி குடும்பத்தில் 1912 செப்டம்பர் 12 அன்று பம்பாயில் பிறந்தவர். சிறு வயதிலேயே அலகாபாத் சென்று, அங்கே மருத்துவராக இருந்த உறவினர் வீட்டில் வளர்ந்தார். 1930-இல் கல்லூரி வாசலில் மறியல் செய்த கமலா நேரு வெயிலில் மயங்கி விழுந்தபோது உதவ ஓடி வந்த மாணவர்களுள் இவரும் ஒருவர். படிப்பை விட்டு விடுதலைப் போராட்டத்தில் இறங்கினார். அவ்வாண்டே பைசாபாத் சிறையில் லால் பகதூர் சாஸ்திரியுடன் அடைக்கப்பட்டார். பின்னர் இலண்டனில் கற்றார். 1942 மார்ச்சில் இந்திராவை மணந்தார். சில மாதங்களிலேயே வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் மீண்டும் சிறை. 1952 பொதுத்தேர்தலில் ரேபரேலி பகுதியிலிருந்து மக்களவைக்கு வந்தார்.

வந்தவுடன் முழங்கியவர் அல்லர். முதற்சில ஆண்டுகள் பின்வரிசையில் அமைதியாகவே இருந்தார். 1955 டிசம்பரில்தான் எழுந்தார். ராமகிருஷ்ண டால்மியா என்னும் பெருஞ்செல்வரின் பொறுப்பில் இருந்த பாரத் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பணம் எவ்வாறு தவறாகக் கையாளப்பட்டது என்பதை விவரங்களோடு அவையில் எடுத்துரைத்தார். டால்மியா பின்னர் வழக்கில் தண்டிக்கப்பட்டார். அடுத்த ஆண்டே ஆயுள் காப்பீட்டுத் தொழில் அரசுடைமையாயிற்று. 1956 செப்டம்பர் 1 அன்று, நம் வீடுகளிலும் பாலிசி வைத்திருக்கிறோமே, அந்த எல்.ஐ.சி. பிறந்தது.

இங்கே ஒரு நுட்பத்தை அவர் கண்டார். மக்களவையில் உறுப்பினர் பேசுவதற்காக அவர் மீது வழக்குத் தொடுக்க இயலாது. ஆனால் அதே பேச்சைப் பத்திரிகை உண்மையாக வெளியிட்டால், வெளியிட்டவர் மீது அவதூறு வழக்குப் போடலாம். அவைக்குள் உண்மை பேசலாம், ஆனால் அது அவைக்கு வெளியே போகக் கூடாது என்பது போன்ற நிலை! அப்படியானால் பேசி என்ன பயன்? ஆகவே தனிநபர் மசோதாவாகவே ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார். நாடாளுமன்ற நடவடிக்கைகளைப் பெரும்பாலும் உண்மையாகவும், தீய நோக்கமின்றியும், பொதுநன்மை கருதியும் வெளியிடுவோருக்கு அது பாதுகாப்பு அளித்தது. 1956-இல் நிறைவேறிய அச்சட்டத்தை மக்கள் அவர் பெயராலேயே அழைத்தனர்.

மறு ஆண்டே அதற்கு வேலை வந்தது. 1957 ஜூனில் எல்.ஐ.சி., ஹரிதாஸ் முந்த்ரா என்னும் கல்கத்தா வணிகரின் ஆறு நிறுவனங்களில் சுமார் 1 கோடியே 24 இலட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது. அந்நிறுவனங்கள் நலிந்த நிலையில் இருந்தன. முதலீடு குறித்து ஆலோசனை கூறவென்றே இருந்த குழுவிடம் முன்கூட்டிக் கேட்கப்படவில்லை. அப்பணம் யாருடையது? தம் மரணத்திற்குப் பின் மனைவி மக்கள் தவிக்கக் கூடாதென்று மாதந்தோறும் சிறுகச் சிறுகக் கட்டிய எளியோரின் பணம். அமானிதம் என்றால் இதுதானே. 1957 டிசம்பர் 16 அன்று பெரோஸ் காந்தி எழுந்து, தேதிகளையும் தொகைகளையும் வரிசையாக வைத்து விளக்கம் கோரினார்.

அரசு ஒருநபர் விசாரணை ஆணையம் அமைத்தது. பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா அவர்கள் அதனை மூடிய அறைக்குள் நடத்தவில்லை. பொதுமக்கள் முன்னிலையில் நடத்தினார். கூட்டம் அறைக்குள் கொள்ளாமல் வெளியே நின்றவர்களுக்காக ஒலிபெருக்கி வைக்கப்பட்டது. அமைச்சரும் உயர் அதிகாரிகளும் அளித்த சாட்சியத்தைத் தெருவில் நின்றவரும் கேட்டனர். பழவேற்காட்டு ஏரியில் மீனவச் சகோதரர்கள் பாடு பிரிக்கும் வழக்கம் நமக்குத் தெரியும். எவர் வலை எந்நாளில் எவ்விடத்தில் என்பதை ஊரார் எதிரில் சீட்டெடுத்தே முடிவு செய்வார்கள். சீட்டு விழாதவர் வருந்தலாம். ஆனால் தம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்று கூற இடமிராது. சாக்ளாவின் விசாரணையும் அத்தகையதே. 24 நாட்களில் வேலையை முடித்து 1958 பிப்ரவரியில் அறிக்கை அளித்தார்.

நிதியமைச்சராக இருந்தவர் நம் சென்னையைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி. திறமையில் குறைவுடையவர் அல்லர். தமக்கென அவர் பணம் எடுத்தார் என்று நீதிபதி கூறவுமில்லை. தம் துறைச் செயலர் செய்த செயலுக்கு அமைச்சரே பொறுப்பு என்பதே தீர்ப்பின் சாரம். அவர் பதவி விலகினார். நேருவுக்கு மிகவும் வேண்டியவர் அவர். மருமகனின் கேள்வியால் மாமனார் தம் அமைச்சரை இழந்தார். அந்த வீட்டில் அது எவ்வளவு கசப்பை விளைத்திருக்கும் என்பதைக் குடும்பம் நடத்துவோர் அறிவர். பெரோஸ் பிற்காலத்தில் பிரதமர் இல்லத்தில் அன்றி, உறுப்பினருக்கு உரிய தனி வீட்டிலேயே பெரும்பாலும் வாழ்ந்தார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் நாம் இமாமாக இருந்தபோது, கட்டடச் செலவில் ஓர் இனம் குறித்து எளிய மனிதர் ஒருவர் விளக்கம் கேட்டார். கணக்கில் தவறில்லை. இரசீதும் இருந்தது. எடுத்துக் காட்டியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். அதற்கு மாறாகக் கேட்டவரைக் கடிந்தார்கள். நாமும் அங்கே அமர்ந்திருந்தோம். வாய் திறக்கவில்லை. அம்மனிதர் அதன்பின் எந்தக் கூட்டத்திற்கும் வரவில்லை. பெரோஸ் காந்தியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அவர் முகமே நம் கண்முன் வருகிறது.

1958-இல் பெரோஸுக்கு மாரடைப்பு ஏற்பட்டது. 1960 செப்டம்பர் 8 அன்று, 48 வயது நிறைவதற்கு நான்கு நாட்கள் இருக்கையில் தில்லியில் மறைந்தார். அவரது அஸ்தியின் ஒரு பகுதி அலகாபாத் பார்சி கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் கொண்டுவந்த சட்டத்தின் கதை அதோடு முடியவில்லை. நெருக்கடி நிலையின்போது, 1975 டிசம்பரில், அச்சட்டம் நீக்கப்பட்டது. நீக்கிய அரசுக்குத் தலைமை தாங்கியவர் அவருடைய மனைவியே. 1977-இல் ஆட்சி மாறியதும் சட்டம் மீண்டது. இனி எளிதில் நீக்க இயலாதவாறு 1978-இல் 44-ஆம் திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பிலேயே 361ஏ பிரிவாக அந்தப் பாதுகாப்பு சேர்க்கப்பட்டது.

அவையில் உறுப்பினர் மட்டும் கேட்டு வந்ததை, இன்று நாமும் கேட்கலாம். தகவல் பெறும் உரிமைக்குத் தமிழ்நாடு 1997-இலேயே ஒரு சட்டம் இயற்றியது. நாடு முழுமைக்குமான சட்டம் 2005-இல் வந்தது. வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஊராட்சிக்கோ பொன்னேரி வட்டாட்சியர் அலுவலகத்திற்கோ மீன்வளத் துறைக்கோ அனுப்பலாம். 30 நாட்களுக்குள் விடை தரவேண்டும். வறுமைக் கோட்டிற்குக் கீழ் உள்ளோருக்குக் கட்டணம் இல்லை. எழுத இயலாதவர்கள் அஸர் தொழுகைக்குப் பின் மத்ரஸாவுக்கு வந்தால் நாமே எழுதித் தருகிறோம். நம் பள்ளிவாசலின் இரசீதுக் கட்டுகளும் அங்கேயே அலமாரியில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க விரும்புவோரும் அந்நேரத்திலேயே வரலாம்.